நிகழ்ச்சித்தாளின் பின்பக்கம்

அச்சகக்காரர் சொல்லிவிட்டார்:
ஒரு தாள், இரண்டு மடிப்பு,
பின்பக்கம் மட்டும் உங்களுக்கு.
எங்கள் அறையிசைக் குழுவில் பதினொரு பேர்.
ஆளுக்கு மூன்று வரிதான் வரும்.

அமலரூபன், முதல் வயலின்.
குருநகர் ஐஸ் பக்டரியில் கணக்காளர்.
விரல் விறைத்துத்தான் வருவார்;
தேத்தண்ணிக் கோப்பையைப் பத்து நிமிடம்
பொத்திப் பிடித்த பிறகுதான் வில்லைத் தொடுவார்.
இப்பவே ஐந்து வரி.

துவாரகன், வியோலா.
வியோலா இன்னும் கொழும்பிலிருந்து வருகிறது,
இரண்டு வருடமாக வருகிறது.
அதுவரை ஒரு வயலினுக்குத் தடித்த நரம்பு பூட்டிச்
சுருதியை இறக்கி வைத்திருக்கிறார்.
தடிமன் பிடித்த வயலின், அவ்வளவுதான்.
இதைப் போடவேண்டாம் என்றார். போடவில்லை.

நி., புல்லாங்குழல்.
வீட்டுக் கணக்கில் இவள் இப்போது
இரசாயனவியல் ரியூசனில் இருக்கிறாள்.
குழல் மூன்று துண்டாய்க் கழன்று
கொப்பிகளுக்கு நடுவே கிடக்கிறது.
முதலெழுத்துக்கு மேல் ஒன்றும்
அச்சேறக் கூடாதென்று சத்தியம் வாங்கினாள்.

யூட், றெஜி, இரண்டாம் வயலின்கள்.
அண்ணன் தம்பி. காணி வழக்கு.
மூன்று வருடமாய்க் கதை பேச்சில்லை.
ஒரே தாளைப் பார்த்து வாசிக்கிறார்கள்:
அண்ணன் தலையசைப்பார், தம்பி பக்கம் திருப்புவார்.

எமரன்சியா, செலோ.
பண்டத்தரிப்பிலிருந்து பஸ்; செலோவுக்கும் ரிக்கற்.
இதென்ன சவப்பெட்டியோ எண்டு கேட்ட கொண்டக்டருக்கு
ஓம், உள்ளுக்கிருக்கிறவ பாடுவா எண்டவள்.
பெரியாஸ்பத்திரியில் தியேட்டர் நேர்ஸ்.
படிவத்தில் ஒரே வசனம் எழுதித் தந்தாள்:
நான் பிழையில்லாமல் எண்ணுவன்.

விளக்கம் கேட்டேன்.
வெட்டமுன் துணி எத்தனை,
தைக்கமுன் துணி எத்தனை,
இரண்டும் ஒத்தால்தான் வயிற்றை மூடலாமாம்.
பதினாறு சுற்றுச் சும்மா இருந்துவிட்டுப்
பதினேழில் கச்சிதமாக நுழைவது
அந்தப் பழக்கத்தில் வந்தது.

மிச்ச நாலு பேருக்கும் பெயர் மட்டும்.
எனக்கு அதுவும் இடம் காணவில்லை.

இனி, செய்தி.

சனிக்கிழமை, சுண்டுக்குளி மண்டபம்.
விசிறி போட்டால் தாள் பறக்கும்,
நிற்பாட்டினால் வில் வழுக்கும்.
உடுப்புக் காயப்போடும் கிளிப்புகளால் தாளைக் கவ்வி
விசிறியைப் போட்டோம்.

முன்வரிசையில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர்
தொடையில் தட்டித் தட்டி
மூன்றடி நடையை ரூபகம் என்று தீர்த்தார்;
நடுவில் அது காலை வாரியதும்
கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு
சும்மா கேட்டார்.

இரண்டாம் பகுதி, மெதுவானது.
எமரன்சியாவின் காலடியில் போன் வெளிச்சமடித்தது.
பளைப் பக்கம் வான் ஒன்று தடம்புரண்டதாம்.
வில்லைக் கதிரையில் கிடத்தினாள்,
செலோவைச் சுவரோடு சாத்தினாள்,
நாங்கள் அடுத்த சுரத்துக்குப் போகமுன்
வாசலைத் தாண்டிவிட்டாள்.

நிற்பாட்டவா என்று அமலரூபனின் புருவம் கேட்டது.
ஒருவரும் நிற்பாட்டவில்லை.
அவளுடைய இடம் வரும்போதெல்லாம்
பத்துப் பேரும் அவளுக்காக எண்ணினோம்.
யூட்டின் உதடு அசைந்தது, றெஜியின் உதடும்,
ஒரே எண்.

ஞாயிறு பின்னேரம் அழைத்தேன்.
நாப்பத்திரண்டு போனது, நாப்பத்திரண்டும் வந்தது,
என்றாள் நித்திரைக் குரலில்.
உங்களுக்கு?

தபாலதிபர் வாசலில் வைத்துச் சொன்னதைச் சொன்னேன்:
வடிவாத்தான் இருந்தது தம்பி,
கீழை ஏதோ ஒண்டு இல்லாத மாதிரி.

சிரித்தாள்.
பேந்து, செலோவை ஆர் உறையில போட்டது எண்டாள்.

அண்ணன் தலைமாட்டில் பிடிக்க
தம்பி சிப்பை இழுத்தான்.